கொற்றக்குடையும் நற்கருணை விதானமும்: முத்துக்குளித்துறைக் கத்தோலிக்க வழிபாட்டில் அரச சின்னங்களின் தோற்றமும் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கக் கோயில்களின் நற்கருணைப் பவனியிலும் திருவிழாத் தேரோட்டத்திலும் குடை, விதானம், கொடி, தேர் ஆகியன இடம்பெறுகின்றன. இவை இந்துக் கோயில் மரபின் எச்சங்கள் என்னும் கருத்தும், போர்த்துக்கீசியர் கொணர்ந்த ஐரோப்பிய வழக்கங்கள் என்னும் கருத்தும் நிலவுகின்றன. இவ்விரு கருத்துகளும் பகுதி உண்மைகளே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. தமிழ் மரபிலும் இலத்தீன் திருச்சபை மரபிலும் இச்சின்னங்கள் அரசவையில் தோன்றி வழிபாட்டிடத்திற்குச் சென்றவை; இருவேறு அரசவை மரபுகள் ஒரு கடற்கரையில் சந்தித்ததன் விளைவே இன்றைய வழக்கம் என்பது இக்கட்டுரையின் முடிபு. தொல்காப்பியம், சங்க இலக்கியம், சிலப்பதிகாரம், சேரநாட்டுச் செப்பேடுகள், இடைக்கால ஐரோப்பிய வழிபாட்டு வரலாறு ஆகியன ஒப்பீட்டிற்குரிய தரவுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச் சொற்கள்: வெண்கொற்றக்குடை, விதானம், குடைநாட்கோள், நற்கருணைப் பவனி, முத்துக்குளித்துறை, பரதவர், பொன்தேர்.

முன்னுரை

தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாற்றுக் கழிமுகத்திற்குச் செல்லும் கடற்கரையில் அமைந்த மீனவர் ஊர் தருவைகுளம். வேம்பார் முதல் மணப்பாடு வரை நீளும் முத்துக்குளித்துறையின் பிற ஊர்களைப் போலவே இவ்வூரிலும் கத்தோலிக்க வழிபாடு ஊர் வாழ்வின் மையமாக விளங்குகின்றது. நற்கருணைப் பவனியின்போது அருட்பணியாளர் கதிர்ப்பாத்திரத்தை ஏந்தி நடக்க, அவர் தலைக்குமேல் நான்கு காலுடைய பட்டு மேற்கட்டியைப் பங்கு மக்கள் தாங்கி வருவர். வண்ணக் குடைகளும் கொடிகளும் உடன்செல்லும்.

இக்காட்சியைக் காணும் ஆய்வாளர் பலர் இதனைப் 'பண்பாட்டுமயமாதல்' என்னும் ஒரு சொல்லால் விளக்கி அமைவர். கோயில் உற்சவத்தின் குடையையும் தேரையும் கிறித்தவம் ஏற்றுக்கொண்டது என்பது அவ்விளக்கத்தின் சாரம். அதனை மறுப்போர், மேற்கட்டி ரோமாபுரியின் வழக்கம் என்றும் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்றும் கூறுவர். இது கல்விப்புல விவாதமாக மட்டும் நின்றுவிடவில்லை. 'இவை எம்முடையவையா, கடன் வாங்கியவையா?' என்னும் வினா கடற்கரை இளந்தலைமுறையிடமும் எழுகின்றது. வழிபாட்டில் எளிமை வேண்டும் என்போர் இவற்றைக் களைய விழைகின்றனர்; மரபைக் காக்க விழைவோரோ இவற்றின் பொருளை எடுத்துரைக்க இயலாது நிற்கின்றனர். ஆகவே இச்சின்னங்களின் தோற்றத்தை ஆராய்வது தேவையாகின்றது.

1. தமிழ் மரபில் குடையும் விதானமும்

அரசர்க்குரியவற்றைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பிய மரபியல், கொடி, குடை, முரசு, தேர், முடி முதலியவற்றை அப்பட்டியலில் வைக்கின்றது. பிற்கால நிகண்டுகளும் குடை, கவரி, தோரணம், சங்கு, ஆசனம் முதலியவற்றை அரச சின்னங்களாகக் கூறுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை இன்று கோயில் வழிபாட்டுப் பொருள்களாகவே அறியப்படுகின்றன. ஆயின் இலக்கண நூல் இவற்றை முதற்கண் அரசனுக்கே உரிமையாக்குகின்றது. 'கோயில்' என்னும் சொல்லின் வரலாறும் இதற்கு அரண் செய்கின்றது. பண்டை இலக்கியத்தில் அச்சொல் அரசனின் இல்லத்தைக் குறித்தது. இறைவன் உறையும் இடத்தைக் குறித்தல் பின்னர்ப் பெருவழக்காயிற்று. சொல் இடம்பெயர்ந்தபோது அரண்மனையின் குடை, கவரி, தேர், பள்ளியறை ஆகியனவும் இடம்பெயர்ந்தன. இன்று முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கரும் தம் வழிபாட்டிடத்தைக் 'கோயில்' என்றே வழங்குகின்றனர்.

குடையின் பொருளைச் சங்கப் புலவர் நுட்பமாக வரையறுத்துள்ளனர். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடிய புறநானூற்றின் 35-ஆம் பாடல், வேந்தனின் குடை வெயிலை மறைப்பதற்காக எடுக்கப்பட்டது அன்று, வருந்தும் குடிகளைக் காப்பதற்காக எடுக்கப்பட்டது என்னும் கருத்தை முன்வைக்கின்றது. நிலவரி நிலுவையை நீக்கவேண்டிப் புலவர் பாடிய பாடல் அது. அரசனின் பெருமையைக் காட்டும் பொருளையே அரசனின் கடமையை நினைவூட்டும் பொருளாகப் புலவர் மாற்றிவிடுகின்றார். 'குடைக்கீழ் வாழ்தல்' என்னும் தொடர் ஆட்சிக்குட்படுதலையும் பாதுகாப்புப் பெறுதலையும் ஒருங்கே குறித்தமை இங்கு நினையத்தக்கது.

விதானம் குடையினின்றும் வேறானது. குடை ஓர் ஆளுக்குரியது, அவரோடு நகர்வது. விதானம் ஓர் இடத்திற்குரியது. அவ்விடத்தைப் பிற இடங்களினின்றும் பிரித்துச் சிறப்பிப்பது. சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலில் கோவலனும் கண்ணகியும் நீலநிற விதானத்தின்கண் அமைந்த முத்துப்பந்தரின் கீழ் மணங்கொள்கின்றனர். அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடரங்கு ஓவிய வேலைப்பாடமைந்த விதானமும் முத்துமாலைகளும் கொண்டு ஒப்பனை செய்யப்படுகின்றது. மணவறை, ஆடரங்கு, அரியணை, கட்டில் ஆகியனவே விதானம் பெறும் இடங்கள். அவ்விதானத்திற்கு முத்தே சிறந்த அணி என்பது கொற்கை முத்துக்குப் பெயர்பெற்ற கடற்கரையை ஆராயும்போது கருதத்தக்கது.

2. இலத்தீன் மரபில் விதானம், குடை, விசிறி

இதே இருமை ஐரோப்பிய மரபிலும் காணப்படுகின்றது. பலிபீடத்தின்மேல் நான்கு தூண்கள் தாங்கும் மேற்கவிப்புக்குச் 'சிபோரியம்' என்று பெயர். கான்ஸ்டான்டிநோபிளின் ஹாகியா சோபியா பேராலயத்தில் இருந்த வெள்ளிச் சிபோரியத்தை 563-ஆம் ஆண்டளவில் பவுலுஸ் சைலென்டியாரியுஸ் என்னும் அவைப்புலவர் விரித்துப் பாடியுள்ளார். இவ்வடிவம் திருச்சபை புதிதாகக் கண்டதன்று. கி.பி. 500-ஐ ஒட்டிய காலத்ததாகக் கருதப்படும் தந்தச் சிற்பமொன்று, இன்று புளோரன்ஸின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் பைசாந்தியப் பேரரசி தூண்கள் தாங்கும் கவிகைமாடத்தின் கீழ்த் திரைச்சீலைகளுக்கிடையே காட்சியளிக்கின்றாள். அரியணைக்குரிய மேற்கவிப்பும் பலிபீடத்திற்குரிய மேற்கவிப்பும் ஒரே வடிவின. பலிபீடம் அரியணையாகக் கருதப்பட்டமையின் இவ்வொற்றுமை நேர்ந்தது எனலாம்.

துணியாலான விதானத்திற்கு இத்தாலிய மொழியில் வழங்கும் 'பால்டக்கீனோ' என்னும் பெயர், பாக்தாத் நகரின் இடைக்கால இத்தாலிய வடிவமான 'பால்டாக்கோ' என்பதிலிருந்து பிறந்தது. பாக்தாதிலிருந்து வந்த பொன்னிழைப் பட்டு முதலில் அப்பெயர் பெற்றது; பின்னர் அப்பட்டால் செய்த மேற்கட்டிக்கே அப்பெயர் ஆகிவந்தது. ரோமாபுரியின் வழக்கம் எனக் கருதப்படுவதன் பெயரே கீழைநாட்டு வணிகத்தின் தடத்தைத் தாங்கி நிற்கின்றது.

நிலைத்து நின்ற விதானம் நடக்கத் தொடங்கியதற்கு நற்கருணைப் பெருவிழா காரணமாயிற்று. லியேஜ் நகரின் யூலியானாவின் முயற்சியால் 1246-இல் அம்மறைமாவட்டத்தில் தொடங்கப்பட்ட அவ்விழாவை, 1264-இல் திருத்தந்தை நான்காம் உர்பான் திருச்சபை முழுமைக்கும் உரியதாக்கினார். 14-ஆம் நூற்றாண்டில் அது பரவியபோது நற்கருணையைத் தெருவழியே எடுத்துச்செல்லும் பவனி அதன் உயிர்நாடியாயிற்று. பலிபீடத்தில் வீற்றிருக்கும் ஆண்டவர் நகருக்குள் உலாவரும்போது அவருக்குரிய மேற்கவிப்பும் உடன்வர வேண்டும். ஆகவே தூண்கள் கைக்கோல்களாயின. கல்லும் வெள்ளியும் பட்டாயின. இடத்திற்குரிய விதானம் ஆளுக்குரிய குடையின் பணியை ஏற்றது இங்ஙனமே. பெர்னினி 1624 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்துப் புனித பேதுரு பேராலயத்தில் அமைத்த வெண்கல விதானம் இவ்வரலாற்றைத் தன் வடிவிலேயே காட்டுகின்றது. நிலையான தூண்களின்மேல் நிற்கும் அதன் விளிம்புகளில் துணித்தொங்கல்களும் குஞ்சங்களும் வெண்கலத்தில் வார்க்கப்பட்டுள்ளன. பவனியில் சென்ற துணி விதானம் மீண்டும் பலிபீடத்திற்கே திரும்பிவந்து உலோகமாக உறைந்தது போன்றது அது.

குடையும் திருத்தந்தையின் சின்னமாக விளங்கியது. ரோமின் நான்கு முடிசூட்டப்பெற்ற புனிதர் ஆலயத்தைச் சார்ந்த சில்வெஸ்தர் சிற்றாலயத்தில் 1246-ஐ ஒட்டி வரையப்பட்ட சுவரோவியங்களில், கான்ஸ்டன்டைன் பேரரசன் திருத்தந்தை சில்வெஸ்தருக்கு அரசமரியாதைகளை அளிக்கும் காட்சியில் குடையும் இடம்பெறுகின்றது. பேரரசனுக்குரியது திருத்தந்தைக்குரியதாயிற்று என்னும் உரிமைக்கோரிக்கையே அவ்வோவியத்தின் நோக்கம்.

விசிறியின் வரலாறு தமிழாய்வாளர்க்கு மேலும் அணுக்கமானது. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுக்கப்பட்ட 'திருத்தூதர் அமைப்புமுறைகள்' என்னும் நூல், பலிபீடத்தின் இருபுறமும் திருத்தொண்டர் இருவர் நின்று, மென்தோல், மயிற்பீலி, மெல்லிய துணி ஆகியவற்றுள் ஒன்றாலான விசிறியால் கிண்ணத்தில் பூச்சிகள் விழாதவாறு காக்க வேண்டும் என விதிக்கின்றது. பயன்பாட்டுப் பொருளாகத் தொடங்கிய இவ்விசிறி பின்னர்த் திருத்தந்தையின் பவனியில் இறகு விசிறியாக, பெருமைச் சின்னமாக மாறியது. பீலியாலான ஆலவட்டம் தமிழகக் கோயில்களில் பெறும் இடத்தோடு இது ஒப்பிடற்குரியது. இரு மரபுகளும் ஒன்றையொன்று பார்த்து இவ்விசிறியை அமைத்துக்கொண்டன என்பதற்குச் சான்று காட்ட வேண்டிய தேவை இல்லை. வெப்பநாட்டு அரசவைகளில் பணியாளர் செய்த தொண்டே இரண்டிற்கும் மூலம் எனக் கொள்வது பொருந்தும்.

3. உரிமைப் பொருளாகச் சின்னம்

அரசனுக்குரிய சின்னம் பிறருக்குச் செல்லுதல் எவ்வாறு? கொடை வாயிலாகவே. தமிழகத்திலும் சேரநாட்டிலும் குடை பிடித்தல், சங்கூதுதல், பல்லக்கேறுதல் ஆகியன அரசன் வழங்கும் உரிமைகளாக இருந்தன. கொங்குநாட்டுக் கம்மாளர்க்கு இரட்டைச் சங்கு ஊதவும், வீட்டுக்குச் சாந்து பூசவும், காலில் செருப்பணியவும் உரிமை வழங்கிய சோழர்காலக் கல்வெட்டுகள் இதற்குச் சான்று.

இவ்வுரிமைகள் சமய எல்லையைக் கடந்தவை என்பதைச் சேரநாட்டுச் செப்பேடுகள் தெளிவாக்குகின்றன. கி.பி. 1000-ஐ ஒட்டிப் பாஸ்கர ரவிவர்மன் யூத வணிகத் தலைவரான யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு 72 விடுபேறுகளை அளிப்பதோடு, பகல் விளக்கு, பாவாடை, அந்தோளம், குடை, வடுகப்பறை, தோரணம், தோரண விதானம் ஆகியவற்றைப் பெயர்சுட்டிக் கூறுகின்றது. கோட்டயம் சிரியன் கிறித்தவர்களால் பாதுகாக்கப்பட்டு வந்த வீரராகவச் செப்பேடு, மணிக்கிராமத்தைச் சேர்ந்த இரவிகொற்றனுக்குக் கொற்றக்குடை உள்ளிட்ட உரிமைகளை வழங்குகின்றது. இவ்விரு செப்பேடுகளும் வட்டெழுத்தில் அமைந்தவை. போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றேனும் இக்கடலுக்கு வருமுன்னரே, இந்து அல்லாத வணிகச் சமூகத்தார் குடையும் விதானமும் உரிமையாகப் பெற்றிருந்தனர் என்பது இதனால் புலனாகும். அச்சின்னங்கள் அக்காலத்தார் கண்ணில் ஒரு சமயத்தின் அடையாளங்கள் அல்ல, தகுதியின் அடையாளங்கள்.

ஐரோப்பாவிலும் இந்நிலையே. நற்கருணைப் பெருவிழாவின் வரலாற்றை ஆராய்ந்த மிரி ரூபின் (1991), பவனியில் விதானத்தின் கோல்களைத் தாங்கும் பேறு நகரப் பெருமக்களும் தொழிற்குழுவினரும் நாடிய மதிப்பாக இருந்ததையும், பவனியில் இடம்பெறும் வரிசை பூசலுக்குக் காரணமானதையும் எடுத்துக்காட்டுகின்றார். விதானத்தின் கீழ் நடப்பவர் யார் என்பதில் ஐயமில்லை. அதனைத் தாங்குபவர் யார் என்பதே சமூகத்தின் வினாவாக இருந்தது. தமிழகத்தின் வலங்கை, இடங்கைப் பூசல்களிலும் குடை, கொடி முதலியவற்றைப் பயன்படுத்தும் உரிமையே மோதலுக்குக் காரணமானதை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம்.

4. முத்துக்குளித்துறையில் இரு மரபுகளின் சந்திப்பு

முத்துக்குளிக்கும் உரிமை தொடர்பான நெருக்கடியில் பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி, 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பெருந்தொகையினராகத் திருமுழுக்குப் பெற்றனர். தமிழ் அரசியற் சொல்வழக்கில் கூறின், அவர்கள் வேறொரு குடைக்கீழ் வந்தனர். 1542-இல் புனித சவேரியார் இக்கடற்கரைக்கு வந்தார். அவருக்குப் பின்வந்த அண்டிரிக்கி அடிகளார் தமிழ் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலையும் 1586-இல் 'அடியார் வரலாறு' நூலையும் அச்சேற்றினார். இறைவனைக் குறிக்க அவர் தேர்ந்த 'தம்பிரான்' என்னும் சொல் தலைவனையும் ஆள்வோனையும் சுட்டுவது. 'ஆண்டவர்' என்னும் வழக்கும் ஆளுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. மரியாவை 'இராக்கினி' என அழைக்கும் பழைய செபவழக்கும் இவ்வகையினதே. இறைவனும் அன்னையும் அரசுச்சொற்களால் அழைக்கப்பட்ட மொழியில், அவர்களுக்கு அரச சின்னங்கள் உரியவாதல் இயல்பேயாகும். பொருள் வருவதற்குமுன் சொல் வழிசமைத்தது.

மறுபுறம், இங்கு வந்த போர்த்துக்கீசியரும் தம் நாட்டு விதானத்தை மட்டும் கொண்டுவந்தவர் அல்லர். லின்ஸ்கோட்டன் 1596-இல் வெளியிட்ட பயணநூலின் படங்களில் கோவாவின் போர்த்துக்கீசியப் பெருமக்கள் பணியாளர் பிடிக்கும் பெருங்குடையின் கீழ்ச் செல்கின்றனர். ஆசியாவின் குடைமதிப்பை அவர்கள் விரைந்து உணர்ந்துகொண்டனர்.

மதுரைப் பணித்தளத்தில் தத்துவ போதகரின் முறைகள்பற்றி எழுந்த விவாதம் இங்கு ஒரு மறைமுகச் சான்றைத் தருகின்றது. 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணை, பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை சமயச் சின்னங்களா, சமூக வழக்கங்களா என்பதை ஆராய்ந்து, நிபந்தனைகளுடன் இசைவளித்தது. குடையும் விதானமும் அப்பட்டியலில் இல்லை. ஐரோப்பிய மறைப்பணியாளர் கண்ணுக்கும் அவை அயலானவையாகத் தோன்றாமையே இதற்குக் காரணம் எனக் கருதலாம். தேம்பாவணி ஆசிரியர் வீரமாமுனிவரின் வரலாற்றை 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய முத்துசாமி பிள்ளை, முனிவர் பல்லக்கில் செல்லும்போது பட்டுக்குடையும் மயிற்பீலி விசிறியும் உடன்சென்றதாக வருணிக்கின்றார். அவ்வரலாற்றில் மிகைகள் உண்டு என்பது ஆய்வாளர் கருத்து. ஆயினும், பெருமகன் ஒருவரைத் தமிழ் வாசகர் முன் நிறுத்தக் குடையும் பீலியும் இன்றியமையாதவை என வரலாற்றாசிரியர் கருதினார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. சீர்திருத்தச் சபையினரான அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்கினர். அருட்பணியாளர்கள் தடையின்றி இயங்க இயலாத அக்காலத்தில், வழிபாட்டு மரபைக் காத்ததில் சாதித்தலைவர்க்கும் ஊர்ப்பெரியோர்க்கும் பெரும்பங்கு உண்டு. சாதித்தலைவர் முத்துக்குளிப்பில் தனியுரிமைகள் உடையவர். கோயிலிலும் முதன்மை பெற்றவர். அவருடைய மதிப்பும் அன்னையின் மதிப்பும் ஒன்றோடொன்று பிணைந்து வளர்ந்ததைச் சூசன் பெய்லி (1989) விளக்கியுள்ளார்.

இப்பிணைப்பின் உச்சமே 1806-இல் முதன்முதலாக ஓடிய தூய பனிமய அன்னையின் பொன்தேர். அதனை அமைத்தவர் அப்போதைய சாதித்தலைவர் தொன் கபிரியேல் தெ குரூஸ் கோமஸ். 'தேர்மாறன்' என்னும் பெயர் அவருக்கு வழங்குவதாயிற்று. அப்பெயரில் 'மாறன்' என்னும் பாண்டியர் பெயரும் 'தேர்' என்னும் அரச சின்னமும் இணைந்துள்ளமை கருதத்தக்கது. டச்சு ஆதிக்கம் மங்கி ஆங்கிலேயர் ஆதிக்கம் நிலைபெற்றுவந்த காலம் அது. கடற்கரைத் தலைவர்களின் பழைய அரசியல் அதிகாரம் சுருங்கத் தொடங்கிய வேளையில், அரசனுக்குரிய தேரை அவர் அன்னைக்கு உரிமையாக்கினார். தன்னிடமிருந்து நழுவக்கூடிய அரச சின்னத்தை யாராலும் பறிக்கவியலாத அரசியிடம் ஒப்படைத்த செயலாக இதனைக் காணவும் இடமுண்டு. 2013-இலும் 2023-இலும் அப்பொன்தேர் மீண்டும் ஓடியது. இன்று சாதித்தலைவரின் ஆட்சியுரிமை வரலாறாகிவிட்டது. தேரோ பல இலட்சம் மக்களின் பொதுச் சொத்தாக நிற்கின்றது.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மறைத்தலாகாது. 19-ஆம் நூற்றாண்டில் மேசைக்காரர், கம்மாரக்காரர் என்னும் பிரிவினரிடையே கோயில் மரியாதைகள் குறித்துப் பிணக்குகள் நேர்ந்தன. அரசவையிலிருந்து சின்னம் வந்தபோது, அரசவையின் உயர்வுதாழ்வும் உடன்வந்தது.

5. குடைநாட்கோளும் பேராலயக் குடையும்

குடைக்கு மற்றுமொரு பணி உண்டு. ஆள் இல்லாதபோதும் அவரை இருப்பவராக ஆக்குவது அது. புறத்திணையில் உழிஞைத் துறையாகக் கூறப்படும் 'குடைநாட்கோள்' இதற்குச் சிறந்த சான்று. போருக்குப் புறப்பட நல்ல நாள் அமைந்தும் அரசன் அந்நாளில் செல்லவியலாதாயின், அவனது குடை முன்னே புறப்படவிடப்படும். குடை சென்றால் அரசன் சென்றதாகவே கொள்ளப்படும். சிலப்பதிகாரம் கூறும் தலைக்கோலும் இத்தன்மையதே. தோற்றோடிய மன்னரிடமிருந்து கைப்பற்றிய வெண்குடையின் காம்பால் அது செய்யப்பட்டது; இந்திரன் மகன் சயந்தனாகக் கருதி வழிபடப்பட்டது. குடையின் ஒரு பகுதியே காணாத ஒருவரின் இருப்பாகிவிடுகின்றது.

ரோம் மரபில் இதற்கு நேரிணை உண்டு. ஓர் ஆலயம் 'பசிலிக்கா' என்னும் பேராலயத் தகுதி பெறும்போது, சிவப்பும் மஞ்சளும் மாறிமாறி அமைந்த பட்டுக்குடையும் சிறுமணியும் அதன் சின்னங்களாகின்றன. அக்குடை முற்றும் விரிக்கப்படாமல் பாதி விரிந்த நிலையில் வைக்கப்படும். திருத்தந்தை எந்நேரம் வரினும் வரவேற்க அவ்வாலயம் காத்திருக்கின்றது என்பது அதன் பொருள். திருத்தந்தையின் இருக்கை வெறுமையாக இருக்கும் இடைக்காலத்திலும், வத்திக்கான் நாணயங்களிலும் அஞ்சல்தலைகளிலும் திறவுகோல்களின்மேல் குடையே பொறிக்கப்படுகின்றது. 1582-இல் எழுந்த முதற்கோயிலின் நான்காம் நூற்றாண்டு நிறைவையொட்டி, 1982-இல் தூத்துக்குடிப் பனிமய அன்னை ஆலயம் பேராலயத் தகுதி பெற்றது. அரசனுக்கு முன்னே குடையை அனுப்பிய பாண்டிநாட்டுக் கடற்கரைக்கு, வரப்போகும் ஒருவருக்காகக் காத்திருக்கும் குடை அவ்வாண்டில் உரிமையாயிற்று. இரு மரபுகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல. ஆயினும் குடையின் பொருளை இரண்டும் ஒரே வகையில் உணர்ந்திருந்தன.

நற்கருணை விதானத்தின் பொருளும் இதனால் தெளிவாகின்றது. புறக்கண்ணுக்கு அப்பமாகத் தோன்றுவதை அரசர்க்கரசராக நம்பிக்கையாளர் ஏற்பதற்கு, அதன்மேல் கவியும் பட்டுவிதானம் புறச்சான்றாக நிற்கின்றது. குடைநாட்கோளில் குடை ஆற்றும் பணியை விதானம் இங்கு ஆற்றுகின்றது.

6. தருவைகுளமும் இன்றைய வினாவும்

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963-ஆம் ஆண்டு வழிபாட்டு ஏடு, சடங்குகள் மேன்மையான எளிமையோடு திகழ வேண்டும் என்றது. 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தம் மும்முடியைத் துறந்தார். திருத்தந்தையர்க்குரிய இறகு விசிறிகளும் வழக்கொழிந்தன. ஆயின் திருப்பலிக்குப் புறம்பான நற்கருணை வழிபாட்டுக்கென 1973-இல் வெளிவந்த சடங்குநூல், பவனியில் விளக்கு, தூபம், விதானம் ஆகியவற்றை அவ்வவ்விட வழக்கத்திற்கேற்பப் பயன்படுத்தலாம் என்றது. திருத்தந்தை என்னும் ஆளைச் சிறப்பித்த சின்னங்கள் குறைந்தன. நற்கருணையைச் சிறப்பிக்கும் விதானம் உள்ளூர் மக்களின் முடிவுக்கு விடப்பட்டது.

தருவைகுளம் போன்ற ஊர்களில் இம்முடிவு எதனைச் சார்ந்து அமையும்? இவ்வாய்வின் நோக்கில், சின்னம் எங்கிருந்து வந்தது என்பதைவிட அதனைத் தாங்கும் உரிமை யாருக்கு உள்ளது என்பதே முதன்மையான வினா. முன்னாளில் விதானத்தின் கோலைத் தொடுதல் மேன்மக்களின் தனியுரிமை. ஆழ்கடலில் வலைவீசித் திரும்பிய கை இன்று அதே கோலைத் தாங்கும்போது, சின்னத்தின் சமூகப் பொருள் மாறிவிடுகின்றது. ஒரு பிரிவினருக்கோ ஒரு குடும்பத்திற்கோ அது தனியுரிமையாக ஒதுக்கப்படுமாயின், அரசவையின் பழைய ஏற்றத்தாழ்வு மீண்டும் கோயிலுக்குள் நுழையும். வெயில் மறைப்பதற்கன்று, குடிகளைக் காப்பதற்கே குடை என்னும் வெள்ளைக்குடி நாகனாரின் அளவுகோல் இங்கும் பொருந்தும்.

முடிவுரை

இவ்வாய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. குடை, விதானம், விசிறி, தேர் ஆகியன தமிழ் மரபில் முதற்கண் அரச சின்னங்களாக இருந்து, கோயில் என்னும் சொல்லைப்போலவே இறைவழிபாட்டிற்குப் பெயர்ந்தவை. இலத்தீன் திருச்சபை மரபிலும் விதானமும் குடையும் பேரரசவையிலிருந்து பெயர்ந்தவை. விசிறியோ பணியாளர் தொண்டாகத் தொடங்கிப் பெருமைச் சின்னமாக உயர்ந்தது.

2. ஆகவே முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கக் கோயில்கள் இந்துக் கோயிலைப் பின்பற்றின என்பதோ, ஐரோப்பாவை மட்டும் பின்பற்றின என்பதோ முழுவிளக்கமாகாது. இருவேறு அரசவை மரபுகளின் வழித்தோன்றல்கள் ஒரு கடற்கரையில் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன என்பதே பொருத்தமான விளக்கம்.

3. சேரநாட்டுச் செப்பேடுகள் காட்டுவதுபோல, இச்சின்னங்கள் சமய அடையாளங்களாக இருப்பதற்கு முன்னரே உரிமை அடையாளங்களாக இருந்தன. அதனால் அவற்றைப் பற்றிய பூசல்களும் உரிமைப் பூசல்களாகவே அமைந்தன.

4. குடைநாட்கோளும் பேராலயக் குடையும் காட்டுவதுபோல, காணாத தலைவரைக் காணச்செய்வது இச்சின்னங்களின் ஆழ்ந்த பணி.

'இவை எம்முடையவையா?' என்னும் கடற்கரை இளைஞரின் வினாவுக்கு, நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தாங்கிவந்தவை தாங்கியோர்க்கே உரியவை என விடையளிக்கலாம். கடற்றுறை ஊர்களின் கோயில் கணக்கேடுகளிலும் பழைய செபநூல்களிலும் வழங்கும் குடை, மேற்கட்டி, சப்பரம் தொடர்பான சொற்களைத் தொகுத்து ஆராய்தல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.